வரிப் பதிவேட்டில் தெரியும் பழைய ஊர்கள்

பெரு நாட்டின் தென்பகுதியில், கோல்கா ஆற்றின் பள்ளத்தாக்கில் வாழ்ந்த கொயாகுவா மக்களை, யாரிடம் எவ்வளவு வரி தண்டலாம் என்று அறிவதற்காக, ஸ்பானிய அதிகாரிகள் 1591 முதல் 1617 வரை சிலமுறை வீடுவாரியாகக் கணக்கெடுத்தார்கள். எஞ்சியுள்ள பதிவேடுகளில் குடும்பத் தலைவனின் பெயர், வயது, மனைவி, பிள்ளைகள், லாமா என்னும் வளர்ப்பு விலங்குகள் ஆகிய விவரங்களைத் தொடர்ந்து, இன்ன பெயருள்ள இடத்தில் இவ்வளவு மக்காச்சோள நிலம், இன்ன இடத்தில் இவ்வளவு கினோவா நிலம் என்ற குறிப்புகள் வரும். ஆய்வாளர்களுக்கு அந்த இடப்பெயர்களே பெருஞ்செல்வம்.

அந்தப் பெயர்களைக் கொண்டு, யார் யாரோடு தொடர்புற்றிருந்தார் என்பதைப் புள்ளிகளாலும் கோடுகளாலும் வரைந்து பார்ப்பது வலைப்பின்னல் பகுப்பாய்வு. அதில் குடும்பங்கள் ஒருவகைப் புள்ளிகள், நிலம் இருக்கும் இடங்கள் மற்றொருவகைப் புள்ளிகள். இன்னாருக்கு இன்ன இடத்தில் நிலம் உண்டு என்னும் ஒவ்வொரு குறிப்பும் ஒரு கோடு. பிறகு இடங்களை விலக்கிவிட்டு, ஒரே இடத்தில் பயிரிட்ட குடும்பங்களை நேராக இணைத்தால், யாருக்கு யார் அண்டை வயற்காரர் என்ற வலை கிடைக்கும். ஆனால் 60 குடும்பங்கள் பயிரிட்ட பெரிய மலைச்சரிவு 1,770 இணைப்புகளை உண்டாக்கிவிடும். இரண்டே குடும்பங்கள் பயிரிட்ட சிறிய அடுக்கு வயலோ ஒரே ஓர் இணைப்பைத்தான் தரும். நெருக்கமோ இந்த இரு குடும்பங்களுக்கிடையில்தான் அதிகம். ஆகவே ஓர் இடத்துக் குடும்பங்களின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து, வரும் எண்ணால் ஒவ்வொரு இணைப்பின் எடையையும் வகுப்பது ஒரு வழக்கம். அப்போது மலைச்சரிவின் இணைப்புக்கு 59இல் ஒரு பங்கு எடையும், அடுக்கு வயலின் இணைப்புக்கு முழு எடையும் கிடைக்கும்.

இதைவிடக் கடினமானது பெயர்ச் சிக்கல். ஞானஸ்நானத்தால் ஊரெங்கும் ஹுவான்களும் பெட்ரோக்களும் பெருகியிருந்தார்கள். வெவ்வேறு இருவரைத் தவறுதலாக ஒருவராக எண்ணினால், தொடர்பற்ற இரு கூட்டங்களுக்கிடையே இல்லாத பாலம் முளைத்துவிடும். மணமான பெண்களைக் கணவனின் பதிவுக்குள் அடக்கியதால், அவர்களுடைய பிறந்தவீட்டுத் தொடர்புகளும் பெரும்பாலும் வலைக்குள் வருவதில்லை. அதைக் கண்டு பெண்வழி உறவுக்கு அங்கே இடமில்லை என்று முடிவு கட்டுவது பெருந்தவறு.

இவ்வளவு பாடுபடுவதற்குக் காரணம் உண்டு. 1570களில் வைசிராய் பிரான்சிஸ்கோ தே தொலேதோவின் ஆணைப்படி, சிதறிக் கிடந்த ஊர்களிலிருந்து மக்களைப் பெயர்த்து, நேர்த்தெருக்கள் கொண்ட புதிய ஊர்களில் குடியேற்றினார்கள். வீடு மாறினாலும் அவர்கள் தங்கள் பழைய நிலங்களை முழுவதும் கைவிட்டுவிடவில்லை. அப்படி உருவான ஊர்களுள் ஒன்றான கொப்போராக்கேயில், தொல்லியலாளர் ஸ்டீவன் வெர்ன்கே, பதிவேட்டு இடப்பெயர்களை இன்றைய விவசாயிகள் வழங்கும் பெயர்களோடு ஒப்பிட்டு வரைபடத்தில் குறித்தார். உறவாலும் நிலத்தாலும் பிணைந்த 'அய்லு' என்னும் கூட்டங்களின் நிலங்கள், அந்த வரைபடத்தில், மக்கள் விட்டுச்சென்ற பழைய குடியிருப்புகளின் இடிபாடுகளை ஒட்டித் திரண்டிருந்தன.