காப்புவாதம்: உருட்டினது இங்கே, உருக்கினது எங்கே?

புரொடெக்‌ஷனிசம் (வெளிநாட்டுச் சாமானைத் தடுத்து உள்நாட்டுத் தொழிலைக் காக்கிற கொள்கை) என்பதைத் தமிழில் எழுதும்போது நம்மில் பாதிப் பேர் ‘பாதுகாப்புவாதம்’ என்று போட்டுவிட்டுப் போய்விடுகிறோம். திருகோணமலையில் இருந்துகொண்டு அதைப் படிக்கிறவருக்கு முதலில் ஞாபகம் வருவது கடற்படை முகாமும் சோதனைச் சாவடியும்தான், பொருளாதாரம் அல்ல. காப்பு வரி என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அதே வழியில் ‘காப்புவாதம்’ என்று எழுதினால் குழப்பமில்லை.

மூலச் சொல் இலத்தீன். ‘புரோ’ என்றால் முன்னால், ‘தெகெரே’ என்றால் மூடு. கூரை ஓட்டுக்கு இலத்தீனில் ‘தெகுலா’ என்று பெயர், அதுவும் இதே வேர்தான். நம்முடைய காப்பும் கிட்டத்தட்ட இதே வேலையைத்தான் செய்கிறது: கோயில் திருவிழாவில் மணிக்கட்டில் கட்டுகிற காப்பு, பழைய நூல்களின் தொடக்கத்தில் வரும் காப்புச் செய்யுள், இரண்டுமே வெளியிலிருந்து வரும் கேட்டைத் தடுக்கத்தான். ஆக வெளிநாட்டுச் சாமான் ஒரு கேடு என்ற தீர்ப்பு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், 1846இல் பிரிட்டனில் வெளிநாட்டுத் தானியத்துக்கு வரி போட்ட தானியச் சட்டங்களை நீக்கியபோது எதிர்த்து நின்ற நாடாளுமன்றக் கூட்டம் ‘காப்புவாதிகள்’ என்ற பெயரை வெட்கமில்லாமல் சுமந்தது, இன்றைக்கோ அது கிட்டத்தட்ட வசைச்சொல், செய்கிறவர்கள்கூட “இது காப்புவாதம் அல்ல” என்று சத்தியம் பண்ணுகிறார்கள்.

அப்படிச் சத்தியம் பண்ணப்பட்ட இடங்களில் பிரபலமானது அமெரிக்காவின் 2009ஆம் ஆண்டு ஊக்குவிப்புச் சட்டம். 2008 நிதி நெருக்கடியில் வேலைகள் கொட்டுண்டு போனபோது, ஒபாமா பெப்ரவரி 17இல் கையெழுத்திட்ட அந்தச் சட்டத்தின் மதிப்பு 787 பில்லியன் டொலர். ஊக்குவிப்புக்கு ஆங்கிலத்தில் சொல்கிற ஸ்டிமுலஸ் என்ற சொல்லும் இலத்தீன்தான், மாட்டைக் குத்தி நடக்க வைக்கிற தார்க்கோலுக்குப் பெயர். சட்டத்தின் 1605ஆம் பிரிவு சொன்னது இதுதான்: இந்தப் பணத்தில் கட்டப்படும் பொதுக் கட்டடம், பாலம், வீதி, குழாய் எதுவானாலும் இரும்பும் உருக்கும் உற்பத்திப் பொருட்களும் அமெரிக்காவில் செய்யப்பட்டிருக்க வேண்டும். கீழ்ச்சபையில் இது இரும்பு உருக்கோடு நின்றது, செனட் அதை எல்லா உற்பத்திப் பொருட்களுக்கும் விரித்தது, கூடவே சர்வதேச ஒப்பந்தங்களை மீறாமல் செயற்படுத்த வேண்டும் என்ற வரியையும் சேர்த்தது. தேவையான அளவு உள்நாட்டில் கிடைக்காவிட்டால், உள்நாட்டுச் சாமானால் மொத்தத் திட்டச் செலவு 25 சதவீதத்துக்கு மேல் ஏறினால், அல்லது பொது நலனுக்குப் பொருந்தாவிட்டால் விதிவிலக்கு.

ஆதரித்தவர்களின் வாதம் லேசில் தள்ளக்கூடியதல்ல. அரசாங்கம் கடன் பட்டு வேலை உண்டாக்கப் பார்க்கிறது, அந்தக் காசில் இறக்குமதி உருக்கு வாங்கினால் வேலை வேறு நாட்டில் உண்டாகும், கடன் மட்டும் இங்கே மிஞ்சும். பொருளியலில் இதற்குக் கசிவு என்று பெயர். உருக்குத் தொழிலாளர் சங்கம் இதைத்தான் சொன்னது. எதிர்த்தவர்களில் கேட்டர்பில்லர், ஜெனரல் எலெக்ட்ரிக் போன்ற பெரிய கம்பெனிகள் இருந்தன, அவர்கள் வெளிநாடுகளுக்கு விற்கிறவர்கள், மற்ற நாடுகளும் இதே கதவைச் சாத்தினால் அடி அவர்களுக்குத்தான். பயம் வீண்போகவில்லை, அதே ஆண்டு சீனாவும் தன் ஊக்குவிப்புத் திட்டங்களுக்கு உள்நாட்டுச் சாமான் வாங்கச் சொல்லி அறிவித்தது. அதிகம் கொதித்தது கனடா. கலிபோர்னியாவின் பெண்டில்டன் படைமுகாமில் மண்ணுக்குள் ஏற்கெனவே புதைத்திருந்த குழாய் இணைப்புகள் கனடாவில் செய்தவை என்று தெரிந்ததும், தோண்டி எடுத்து அமெரிக்கச் சாமானை வைத்து மறுபடி மூடினார்கள். வேலைவாய்ப்பு உண்டானது என்னவோ உண்மைதான், ஒரே குழியை இரண்டு தரம் வெட்டியிருக்கிறார்களே! 2010 பெப்ரவரியில் இரு நாடுகளும் தனி ஒப்பந்தம் போட்டுச் சமாதானமாகின.

இது 2009இல் முளைத்த யோசனை அல்ல. 1933இல் ஹூவர் ஜனாதிபதிப் பதவியை விட்டு இறங்குவதற்கு முதல் நாள் கையெழுத்திட்ட சட்டம் அரசுக் கொள்முதலுக்கு இதே மாதிரி நிபந்தனை போட்டது. 1930இல் ஆயிரத்துக்கு மேற்பட்ட பொருளியலாளர்கள் வேண்டாம் என்று எழுதிக் கேட்டும் இறக்குமதி வரியை ஏற்றிய ஸ்மூட் ஹோலி தீர்வைச் சட்டத்தில் கையெழுத்திட்டதும் அதே ஹூவர்தான். இரண்டையும் ஒரே கூடையில் போடுகிற பழக்கம் அங்கிருந்துதான் வருகிறது, ஆனால் ஒன்றல்ல. தீர்வை என்றால் கடையில் வாங்குகிற எல்லோர் தலையிலும் விழும், அரசுக்கு வருமானமும் வரும். கொள்முதல் நிபந்தனை அரசின் பணப்பையை மட்டும் கட்டுகிறது, வருமானம் ஒரு சதமும் இல்லை, கூடுதல் விலை வரி கட்டுகிறவரின் தலையில் சத்தமில்லாமல் ஏறும். உலக வணிகத்துக்கான 1947 காட் ஒப்பந்தத்தின் மூன்றாம் பிரிவே, இறக்குமதிச் சாமானையும் உள்நாட்டுச் சாமானையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்ற விதியிலிருந்து அரசுக் கொள்முதலை விலக்கி வைத்திருக்கிறது. அரசுக் கொள்முதலுக்கென்று உலக வணிக நிறுவனத்தில் தனி உடன்படிக்கை உண்டு, அதில் சேர்ந்த நாடுகளைத்தான் கட்டுப்படுத்தும். இலங்கை அதில் பார்வையாளர் மட்டும். நம்முடைய அரசுப் பெறுகை (கொள்முதல்) வழிகாட்டிகளிலும் உள்நாட்டு விலைமனுவுக்கு முன்னுரிமை கொடுக்க இடமிருக்கிறது, அதற்காக யாரும் நம்மைக் காப்புவாதி என்று ஏசுவதில்லை.

என்னைக் கேட்டால் சண்டையின் முடிச்சு ‘காப்பு’ என்பதில் இல்லை, ‘உள்நாட்டு’ என்பதில் இருக்கிறது. டவுனில் ஒரு ஹாட்வெயார் கடையில் கம்பி விலை கேட்கும்போது “இது லோக்கலா அண்ணா?” என்று கேட்டுப் பாருங்கள். எனக்குக் கிடைத்த பதில்: “உருட்டினது இங்க தம்பி, உருக்கினது வெளியில.” அதாவது கப்பலில் வந்த பில்லெட் என்ற உருக்குக் கட்டியைச் சூடாக்கி இங்கே கம்பியாக இழுத்திருக்கிறார்கள். சீனன்குடாப் பக்கம் போனால் இன்னும் துலக்கமாகத் தெரியும். டோக்கியோ சீமெந்து ஆலைக்குக் கிளிங்கர் (சீமெந்தாக அரைக்கிற சுட்ட கட்டி) கப்பலில் வருகிறது, இங்கே அரைத்துப் பையில் போடுகிறார்கள். ப்ரீமா ஆலைக்குக் கோதுமையும் கப்பலில்தான், இந்த நாட்டில் கோதுமை விளைவதில்லை. மாவும் சீமெந்தும் நம் ஊர்ச் சாமானா இல்லையா? பையில் திருகோணமலை, உள்ளே பாதி உலகம், சம்பளம் வாங்குகிறவர்கள் நம் ஆட்கள்.

2009 சட்டத்தின் விதி இந்த இடத்தில் இரண்டு விதமாகப் பேசியது. இரும்பும் உருக்கும் என்றால் உருக்குவதிலிருந்து கடைசி வேலை வரை அமெரிக்காவில் நடக்க வேண்டும். மற்ற உற்பத்திப் பொருள் என்றால் செய்தது அமெரிக்காவாக இருந்தால் போதும், பாகங்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்கவில்லை. அந்த அளவுகோலை இங்கே கொண்டுவந்தால் ஹாட்வெயார் கடைக் கம்பி நிச்சயம் மாட்டிக்கொள்ளும். 1933 சட்டத்துக்கு வேறு கணக்கு: பாகங்களின் மதிப்பில் பாதிக்கு மேல் உள்நாட்டினதாக இருக்க வேண்டும் என்று வெகுகாலம் இருந்தது, 2022இல் 60 சதவீதமாக்கினார்கள், 2024இல் 65, 2029இல் 75 என்று ஏற்பாடு.

சரி, தமிழில் என்ன எழுதுவது? சிலர் இதைச் சுதேசி என்கிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. 1906இல் வ.உ.சிதம்பரம்பிள்ளை தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்டது ஆளுகிற அரசை எதிர்த்து, சனங்களின் பங்குப் பணத்தில். இதுவோ அரசே தன் செலவுக்குப் போடுகிற விதி. 2020 வாக்கில் இலங்கையில் மஞ்சள் இறக்குமதியை நிறுத்தி, கிலோ ஆயிரக்கணக்கில் ஏறி, கடல்வழியாகக் களவாக வந்ததே, அது இறக்குமதித் தடை, அதற்கு அந்தப் பெயரே போதும். காப்புவாதம் என்பதைக் கொள்கைக்கு வைத்துக்கொள்வோம். அரசுச் செலவில் உள்ளூர்ச் சாமான்தான் வாங்க வேண்டும் என்பதற்கு ‘உள்நாட்டுக் கொள்முதல் நிபந்தனை’, இலங்கை அலுவலகத் தமிழில் என்றால் ‘உள்நாட்டுப் பெறுகை நிபந்தனை’.

நமக்கு இந்த நிபந்தனை பெரும்பாலும் மறுபக்கத்திலிருந்துதான் வருகிறது. ஜப்பானின் ஒருவகைச் சலுகைக் கடனில் ஒப்பந்தத் தொகையில் குறைந்தது 30 சதவீதம் ஜப்பானியச் சாமானும் சேவையுமாக இருக்க வேண்டும், சீனாவின் சலுகைக் கடன்களில் வழக்கமாகப் பாதி சீனாவிலிருந்து. கடன் கொடுக்கிற நாட்டின் தொழிற்சாலைக்கு அது ஊக்குவிப்புச் செலவு, தவணை கட்டுகிறது நாம். இதற்குக் ‘கட்டுண்ட கடன்’ என்று பெயர் இருக்கிறது, செய்திகளில் ‘உதவி’ என்று மட்டும் எழுதுகிறார்கள்.