ஆவணத்தில் சரியாகத்தான் இருந்தது

நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாயின் தரைக்கு மேல் சுமார் 226 கிலோமீட்டர் உயரத்தில் கடந்திருக்க வேண்டும். கடந்ததோ ஏறக்குறைய 57 கிலோமீட்டரில். 80-க்குக் கீழே போனால் கலம் தாங்காது.

அலகுக் குழப்பம் என்று எல்லோரும் சொல்லும் கதைதான். ஆனால் எந்த அலகு என்பது, ஒரு மென்பொருள் இன்னொன்றுக்குத் தரவை எப்படித் தர வேண்டும் என்று சொல்லும் இடைமுக ஆவணத்தில் தெளிவாகவே எழுதியிருந்தது: உந்துபொறிகளின் சிறு உதைப்புகளை நியூட்டன்-விநாடியில் தர வேண்டும். தரைநிலைய மென்பொருள் பவுண்டு-விநாடியில் தந்தது. ஒரு பவுண்டு-விநாடி என்பது 4.45 நியூட்டன்-விநாடி. ஆகவே பாதை கணித்தவர்கள் ஒவ்வொரு உதைப்பையும் அத்தனை மடங்கு குறைவாக எடுத்துக்கொண்டார்கள். மென்பொருளை ஆவணத்தோடு வைத்துச் சரிபார்க்கும் வேலைதான் ஒழுங்காக நடக்கவில்லை.

அதனால் ஒரு கருவி என்னென்ன செய்ய வேண்டும் என்று வரிவரியாகச் சொல்லும் 'தேவை ஆவணத்தை' எழுதும்போது ஒவ்வொரு வரிக்கும் பக்கத்திலேயே, அதை எப்படிச் சரிபார்ப்பது என்றும் எழுதிவிட வேண்டும். சோதனையா, கணக்கீடா, நேரில் பார்வையிடுவதா, இயக்கிக் காட்டுவதா? எதுவும் எழுத வரவில்லை என்றால் கோளாறு அந்த வரியில்தான்.

'பம்ப் போதுமான வேகத்தில் நீரேற்ற வேண்டும்' என்று வைத்துக்கொள்ளுங்கள். யாருக்குப் போதும்? '20 மீட்டர் உயரத்துக்கு நிமிடத்துக்கு 100 லிட்டருக்குக் குறையாமல்' என்றால் அளந்துவிடலாம். கூடவே 'சத்தம் 60 டெசிபலைத் தாண்டக் கூடாது' என்று அதே வரியில் ஒட்டினால் சிக்கல்: நீர் ஏறியது, சத்தம் மிஞ்சியது, தேறியதா இல்லையா? இரண்டையும் தனித்தனி வரியாக்கி, தனித்தனி வரிசை எண் கொடுங்கள். (எவ்வளவு தூரத்தில் 60 டெசிபல் என்பதையும் சேர்த்துத்தான்.) நீக்கிய வரியின் எண்ணை இன்னொன்றுக்குத் தரவே கூடாது, பழைய சோதனை அறிக்கைகள் சம்பந்தமில்லாத வரியைக் காட்டத் தொடங்கிவிடும்.

'பின்னர் முடிவாகும்' என்று விடும் இடங்களைத் தனிப் பட்டியலாக்கி, யார், எந்தத் தேதிக்குள் என்று எழுதாவிட்டால் அவை அப்படியே தயாரிப்புவரை போய்விடும்.

பராமரிப்புக் கையேடு வேறு வகை. விமானத் துறையில் பயன்படும் எளிய ஆங்கில விதிப்படி, செயல்முறை வாக்கியம் 20 சொற்களைத் தாண்டக் கூடாது. 'வால்வைத் திற' என்பதற்கு அடுத்த வரியில் 'முதலில் அழுத்தத்தை வெளியேற்றவும்' என்று எச்சரித்தால், படிப்பதற்குள் வால்வு திறந்திருக்கும். எச்சரிக்கை படிக்கு முன்னால்தான் வரவேண்டும். எழுதி முடித்ததும், அந்தக் கருவியைத் தொட்டிராத டெக்னீஷியன் ஒருவரிடம் கையேட்டை மட்டும் கொடுத்துவிட்டு, வாய் திறக்காமல் பக்கத்தில் நில்லுங்கள். அவர் கை எங்கே தயங்குகிறதோ அந்த வரியைத் திருத்துங்கள்.