'பூனைக் கண்' என்று சிரித்துவிட்டுப் போகாதீர்கள்

பிறந்தநாள் படத்தில் பிள்ளையின் ஒரு கண்மணி மட்டும் வெள்ளையாகப் பளிச்சிடுகிறது. "ஹேண்ட்போன் ஃபிளாஷ்தான்", "பூனைக் கண்ணு, அழகு" என்று குடும்ப வாட்ஸ்அப்பில் ஆளாளுக்குச் சொல்கிறார்கள். மாறுகண் விழுந்தால் அதிர்ஷ்டமாம். கண்ணில் தாய்ப்பால் விடுகிறார்கள், மந்திரித்துக் கயிறு கட்டுகிறார்கள். கண் சிவந்து பிதுங்கிய பிறகு கோலாலம்பூரில் எங்களைப் போன்ற கண் டாக்டர்களிடம் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறார்கள். அந்தப் பழைய படத்தையும் காட்டுகிறார்கள், தேதியோடு.

அந்த வெள்ளை ரெட்டினோபிளாஸ்டோமாவாக இருக்கலாம், அதாவது விழித்திரைப் புற்றுநோய். ஏறக்குறைய 15,000 முதல் 20,000 பிறப்புகளில் ஒன்று, பெரும்பாலும் 5 வயதுக்குள். 2017இல் 153 நாடுகளில் இந்நோய் கண்ட 4,351 பிள்ளைகளைக் கணக்கெடுத்தார்கள். ஏழை நாடுகளில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்குக் கண்ணைத் தாண்டிய பிறகே நோய் தெரிந்தது. பணக்கார நாடுகளில் 100க்கு 2 பேர்கூட இல்லை.

"கண்ணை எடுக்கணும்" என்றதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காணாமல் போகிறார்களே, அதுதான் பொறுக்க முடியாதது. கட்டி நிறைந்த அந்தக் கண்ணில் பார்வை எப்போதோ போய்விட்டது. எடுக்கச் சொல்வது உயிருக்காக. பார்வை நரம்பு வழியாகத்தான் நோய் மூளைக்கு ஏறும். அதனால் நரம்பையும் 15 மில்லிமீட்டர் அளவுக்குச் சேர்த்து எடுக்க முயல்கிறோம். "ஊசி போட்டுக் கொஞ்சம் சதை எடுத்துப் பாருங்களேன்" என்பார்கள். கூடவே கூடாது. ஊசி போன வழியே நோய் வெளியே வந்துவிடும். குழியில் ஓர் உருண்டை வைத்துத் தைக்கிறோம். 6 முதல் 8 வாரத்தில் செயற்கைக் கண் பொருத்தலாம். எல்லாக் கண்ணையும் எடுப்பதில்லை. சீக்கிரம் வந்தால் கீமோ, லேசர், உறையவைக்கும் சிகிச்சை என்று கண்ணைக் காப்பாற்ற வழி உண்டு. ஆனால் 3, 4 வாரத்துக்கு ஒருமுறை மயக்கம் கொடுத்துப் பார்க்கவேண்டியிருக்கும். கட்டி சுருங்கிவிட்டது என்று நடுவில் நிறுத்தினால் திரும்ப வளரும்.

இரண்டு கண்ணிலும் வந்தால் அது சாபமல்ல, ஆர்பி1 என்ற மரபணுக் கோளாறு. அடுத்த பிள்ளை பிறந்த வாரமே கண்ணைக் காட்டுங்கள். மூத்ததையும் கூட்டி வாருங்கள்.

கிளினிக் டாக்டர்களுக்கு ஒரு வார்த்தை: தடுப்பூசிக்கு வரும்போதே விளக்கை அணைத்து, கண்ணுக்குள் ஒளி பாய்ச்சிப் பார்க்கும் ஆஃப்தால்மாஸ்கோப்பை அரை மீட்டர் தள்ளிப் பிடித்து, இரண்டு கண்ணையும் சேர்த்துப் பாருங்கள். கண்மணியிலிருந்து திரும்பி வரும் சிவப்பு ஒளி நம் பிள்ளைகளிடம் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும். இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறதா என்பதே கேள்வி. மாறுகண்ணும் இந்நோயின் அடையாளமாக இருக்கலாம், அதற்கு "ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்று எழுதாதீர்கள். எங்களுக்கு அனுப்பும் லெட்டரில் "கண் கோளாறு" என்று போட்டால் வரிசையில் கடைசி. "வெள்ளைக் கண்மணி, அவசரம்" என்று எழுதி, போனும் அடித்துவிடுங்கள்.

பிள்ளை பக்கவாட்டில் பார்க்கும்போது ஃபிளாஷ் நரம்பின் முனையில் பட்டு, ஒரே ஒரு படத்தில் வெள்ளை விழுவதும் உண்டு. பயப்பட ஒன்றுமில்லாமல் போகலாம். அதை வீட்டிலிருந்து தீர்மானிக்க முடியாது. படத்தை அழிக்காமல் இந்த வாரமே எடுத்து வாருங்கள்.