பிடிவாதமா, பட்டினியா?

எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போகும் மனநோயான அனோரெக்சியா முற்றி வார்டில் சேர்ந்த ஒருவரை முதல் வாரத்தில் பார்த்தால், சரியான பிடிவாதக்காரர், வாயைத் திறந்தால் பொய், யாரோடும் ஒட்டமாட்டார் என்றுதான் தோன்றும். ஒரு துண்டு ரொட்டியைப் பத்தாகப் பிய்த்து முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பார். இதில் எவ்வளவு அவருடைய குணம், எவ்வளவு பட்டினி செய்த வேலை?

1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உடலியல் ஆய்வாளர் ஆன்செல் கீஸ் தொடங்கிய ஆய்வு இதற்குப் பெரிய பதிலைத் தந்தது. மனசாட்சியின் பேரில் போருக்குப் போக மறுத்த 36 ஆரோக்கியமான ஆண்கள், ஆறு மாதம் அரைப்பட்டினி கிடந்து எடையில் கால்வாசியை இழந்தார்கள். ஒல்லியாக வேண்டும் என்ற ஆசை யாருக்கும் கிடையாது. ஆனாலும் சாப்பாட்டை மணிக்கணக்கில் இழுத்தடித்தார்கள், சமையல் புத்தகம் சேர்த்தார்கள், எரிந்து விழுந்தார்கள், நண்பர்களிடமிருந்து ஒதுங்கினார்கள், சிலர் கடுமையாக மனம் சோர்ந்துபோனார்கள்.

அதனால்தான் எடை ஓரளவு ஏறும்வரை 'ஆளுமைக் கோளாறு', அதாவது குணமே இப்படித்தான் ஊறிப்போய்விட்டது என்ற முத்திரையைக் குத்த அவசரப்படக் கூடாது என்று அழுத்திச் சொல்கிறேன். அனோரெக்சியாவும் ஆளுமைக் கோளாறும் சேர்ந்தே வருவதும் உண்டுதான். ஆனால் ஆளுமைக் கோளாறு பதின்வயது, இளவயதிலிருந்தே வீடு, வேலை, உறவு என எல்லா இடத்திலும் தெரியும். நோய்க்கு முன்னால் எப்படி இருந்தார் என்று வீட்டாரிடம் கேட்காமல் அதை முடிவுசெய்ய முடியாது.

நர்ஸ் கண்ணுக்கு முதலில் படவேண்டியது உடம்பு: மெதுவான நாடித்துடிப்பு, குளிர்ந்த கைகள், முதுகிலும் கையிலும் பூனைமுடி. விரலை விட்டு வாந்தி எடுப்பவர்களுக்கு விரல் முட்டிகளில் காய்ப்பு, காதுக்குக் கீழே வீக்கம், பல்லின் உட்புறத்தில் எனாமல் தேய்மானம் இருக்கலாம். அளவில்லாமல் சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுத்தோ வேறு வழியிலோ அதை ஈடுகட்டப் பார்க்கும் புலிமியா நோயில் எடை பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும், ஆனால் தொடர்ந்து வாந்தி எடுத்துப் பொட்டாசியம் இறங்கினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

சரி, பட்டினிதான் காரணம் என்றால் நிறையச் சாப்பிட வைத்துவிடலாமே? அங்கேதான் பெரிய ஆபத்து. நீண்ட பட்டினியில் உடல் கொழுப்பையும் தசையையும் எரித்து ஓடுகிறது, செல்கள் சக்தி உண்டாக்கத் தேவையான பாஸ்பேட் என்ற உப்பின் இருப்பு உள்ளே கரைந்துபோகிறது, ரத்தத்தில் மட்டும் அளவு சரியாகவே தெரியலாம். திடீரென்று மாவுச்சத்து உள்ளே போனதும் இன்சுலின் எகிறி, பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் மூன்றையும் செல்களுக்குள் தள்ளிவிடும். ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்தால் இதயமும் மூச்சுத் தசைகளும் வேலை செய்யச் சக்தியில்லாமல் தள்ளாடும், உயிரே போகலாம். அதே நேரத்தில் தயமினும் (வைட்டமின் பி1) வேகமாகச் செலவாகி மூளை பாதிக்கப்படலாம். அதனால் தயமினை முன்கூட்டியே கொடுத்து, கலோரியைக் கணக்காக ஏற்றி, ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு முதல் சில நாட்கள் தினமும் ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். புதிதாகக் கால் வீங்கினாலோ, நாடி ஏறினாலோ, குழப்பமாகப் பேசினாலோ நர்ஸ் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

சாப்பாட்டு வேளையில் கலோரியைப் பற்றி வாதாடுவது வீண். பக்கத்தில் உட்கார்ந்து, "பயமா இருக்குன்னு தெரியுது, அடுத்த வாய் எடுங்க" என்று சொல்வது பலன் தரும். அப்புறம் ஒரு மணி நேரமாவது கூடவே இருப்பது, குளியலறையில் போய் வாந்தி எடுக்காமல் இருப்பதற்காக. காலையில் சிறுநீர் கழித்த பிறகே எடை பார்ப்பதற்கும் காரணம் இருக்கிறது, தண்ணீரை நிறையக் குடித்து எடையைக் கூட்டிக் காட்டுபவர்கள் உண்டு. அதை ஏமாற்று என்று திட்டுவதில் எனக்கு உடன்பாடே இல்லை, அந்த அளவுக்குப் பயம் அவரைப் பிடித்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம்.

எடை ஏற ஏறத்தான் பேச்சு சிகிச்சை மண்டையில் ஏறும். பதின்வயதினருக்குப் பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு செய்யும் குடும்ப சிகிச்சைக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. ஆளுமைக் கோளாறு இருக்கிறதா என்ற கேள்வியை நிதானமாகக் கேட்கவேண்டியதும் அப்போதுதான். தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் எல்லைநிலை ஆளுமைக் கோளாறு என்று உறுதியானால், அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன் உருவாக்கிய டிபிடி (DBT) என்ற பேச்சு சிகிச்சை இருக்கிறது, பொங்கிவரும் உணர்ச்சியைத் தாங்கிக் கடப்பதற்கு அதில் படிப்படியாகப் பயிற்சி கொடுக்கிறார்கள்.