‘முந்தைய நோய்’ என்று கேட்டால் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும்

மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம் விமான டிக்கெட் போட்டுக்கொடுக்கும் கடைகளில் பயணக் காப்பீடும் சேர்த்தே போட்டுக்கொடுக்கிறார்கள். மகன் வீட்டுக்கு அமெரிக்காவோ, மகள் பிரசவத்துக்குத் துபாயோ போகிற அறுபது, எழுபது வயதுக்காரர்கள் வந்து உட்காருவார்கள். விண்ணப்பத்தில் ஒரு கேள்வி வரும்: “அய்யா, முந்தைய நோய் ஏதும் உண்டா?” “ஒண்ணும் இல்ல மக்கா.” சொன்னவர் காலையில் சுகருக்கான மெட்ஃபார்மின் மாத்திரையை விழுங்கிவிட்டு வந்திருப்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குச் சுகர் இன்றைக்கு இருக்கிறது, முந்தைய நோய் என்று எதுவும் கிடையாது. கேட்கப்பட்ட தமிழுக்குச் சரியான பதிலைத்தான் சொன்னார். அந்த ஒரு பதிலை வைத்தே நாளைக்குப் பல லட்ச ரூபாய் மருத்துவமனை பில் மறுக்கப்படலாம்.

ஆங்கிலத்தில் இது ‘பிரீ-எக்ஸிஸ்டிங் டிசீஸ்’. சுருக்கமாக பி.இ.டி. என்பார்கள். ‘பிரீ’ என்றால் முன், ‘எக்ஸிஸ்ட்’ என்றால் இருத்தல், இரண்டும் லத்தீன் வழி வந்தவை. பாலிசி தொடங்கும் நாளுக்கு முன்பே உடம்பில் இருக்கும் நோய் என்பது பொருள். ‘முன்’ என்பது பாலிசித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுவது. நோய் முடிந்துபோனதா, தொடர்கிறதா என்பதைப் பற்றி அந்தச் சொல் எதுவும் சொல்வதில்லை.

‘முந்தைய’ என்ற தமிழ்ச் சொல் அதைச் சொல்லிவிடுகிறது. முந்தைய ஆட்சியர் என்றால் மாறிப்போனவர். முந்தைய முகவரி என்றால் காலி செய்த வீடு. இன்றைக்கு இருப்பதை யாரும் முந்தையது என்று சொல்வதில்லை. ஆக, ‘முந்தைய நோய்’ என்று கேட்டால் பத்து வருடத்துக்கு முன் வந்து போன மஞ்சள்காமாலையைத்தான் மனம் தேடும். தினமும் மாத்திரை போடும் பிரஷர் நினைவுக்கே வராது. ‘முன்பிருந்த நோய்’ என்பதிலும் இதே கேடு. ‘இருந்த’ என்பது இறந்தகாலம், கதவைச் சாத்திவிடும். ‘உள்ள’ அப்படியில்லை. அது காலம் காட்டாத குறிப்புப் பெயரெச்சம். அன்று தொடங்கி இன்று வரை இருப்பதை ஒரே சொல்லில் தாங்கும். ஆகவே ‘ஏற்கெனவே உள்ள நோய்’ என்பதே சரி. ‘ஏற்கவே’ என்றாலும் முன்னதாகவே என்றுதான் பொருள். ‘ஏற்கனவே’ என்று எழுதினாலும் குடி முழுகாது, அச்சில் ‘ஏற்கெனவே’ நல்லது.

கேரள எல்லையோர மக்களுக்கு இந்த வேறுபாட்டை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. நோயைத் தீனம் என்றும் சூக்கேடு என்றும் சொல்லும் குமரி மாவட்டத்தில் “இது பண்டே உள்ள தீனம்” என்றால், அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது என்று பொருள். “பண்டு இருந்த தீனம்” என்றால் போய்விட்டது. மலையாளத்தில் ‘நேரத்தே உள்ள அசுகம்’ என்கிறார்கள், அங்கேயும் ‘உள்ள’ நிற்கிறது. இரண்டு பக்கத்துப் பேச்சிலும் தெளிவாக இருப்பது, அச்சடித்த தமிழ்த் துண்டறிக்கைக்கு வரும்போது மட்டும் ‘முந்தைய’ ஆகிவிடுகிறது. மொழிபெயர்ப்பவர் ஆங்கில முன்னொட்டைப் பார்த்த கண்ணால் வாக்கியத்தைப் பார்க்கவில்லை.

‘முன்னிருப்பு நோய்’ என்று ஒரு சொல்லையும் சிலர் எழுதுகிறார்கள். தனித்தமிழ்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் கணினித் தமிழில் ‘முன்னிருப்பு’ வேறொரு பொருளில் வேரூன்றிவிட்டது, நாம் எதையும் மாற்றாவிட்டால் தானாக அமைந்திருக்கும் நிலை அது. பிறவியிலேயே வந்த நோய் என்று ஒருவர் எடுத்துக்கொண்டால் அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? ‘முன்நோய்’ என்ற சுருக்கமும் உதவாது, பெரிய நோய்க்கு முந்தி வரும் சிறிய நோய் என்று அது படும். தூய சொல் வேண்டும் என்பதில் மறுப்பில்லை, ஆனால் விண்ணப்பத்தில் இருக்கும் சொல் எழுபது வயதுக்காரருக்கு முதல் வாசிப்பிலேயே விளங்க வேண்டும். விளங்காத தூய்மைக்கு அங்கே இடமில்லை.

இவை எல்லாவற்றையும்விடத் தீங்கானது ‘நாள்பட்ட நோய்’. அது ‘கிரானிக்’ என்பதற்கான சொல். ஏற்கெனவே உள்ள நோய் நாள்பட்டதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. போன வாரம் நெஞ்சு அடைக்கிறது என்று போனவரை எக்கோ எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், முடிவு இன்னும் வரவில்லை என்றால், பல பாலிசிகளில் அதுவும் இந்தக் கணக்கில் வரும். இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மேம்பாட்டு ஆணையம் மருத்துவக் காப்பீட்டுக்குத் தந்திருக்கும் வரையறையே அப்படித்தான் இருக்கிறது: பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதத்துக்குள் மருத்துவர் கண்டறிந்த, அல்லது மருத்துவ ஆலோசனையோ சிகிச்சையோ பரிந்துரைக்கப்பட்ட அல்லது பெற்ற நோய், காயம், உடல்நிலை எதுவும். 2024-க்கு முன் அது 48 மாதம். பயணப் பாலிசிக்கு இந்த 36-ஐ அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அதில் பாலிசி வாசகத்துக்குள் இருக்கும் வரையறையைத்தான் படிக்க வேண்டும். சில அமெரிக்கத் திட்டங்களில் 60 முதல் 180 நாள் வரை பின்னோக்கிப் பார்ப்பார்கள். வேறு சிலவற்றில் கால எல்லையே இருக்காது.

வரையறையில் காயமும் உடல்நிலையும் வருகிறதே, ‘நோய்’ என்று மட்டும் சொன்னால் போதுமா என்பது நியாயமான கேள்வி. போதாது. ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் வைத்தவர் “அடைப்பு சரியாயிட்டு, இப்ப நோய் இல்ல” என்பார். காலில் பிளேட் வைத்தவரும் அதையேதான் சொல்வார். விண்ணப்பத்தில் ‘ஏற்கெனவே உள்ள நோய் அல்லது உடல்நலக் குறை’ என்று நீட்டி எழுதினால் இது தீரும். இன்னும் நல்ல வழி, பெயர்ச்சொல்லையே விட்டுவிட்டுக் கேட்பது: “இப்ப என்னென்ன மாத்திரை சாப்பிடுதிய? ஆபரேஷன், ஸ்டென்ட் ஏதாவது வச்சிருக்கா? டாக்டர் ஏதும் டெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்காரா?” இந்த மூன்று கேள்விக்கும் யாரும் தவறாகப் பதில் சொல்ல மாட்டார்கள்.

தவறிய பதில் எங்கே பிடிபடும் என்பதையும் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் “எத்தனை வருஷமா சுகர்?” என்று கேட்கும்போது மகள் “பன்னிரண்டு வருஷம்” என்று உண்மையைச் சொல்வாள். அது நோயாளி வரலாற்றில் ஏறும். நம் ஊர் டிஸ்சார்ஜ் சம்மரியைப் பாருங்கள், திருவனந்தபுரத்து மருத்துவமனையானாலும் நாகர்கோவிலானாலும் முதல் வரிகளிலேயே ‘கே/சி/ஓ டி2டிஎம், எச்டிஎன்’ என்று இருக்கும். ‘அறியப்பட்ட சர்க்கரை, இரத்த அழுத்த நோயாளி’ என்று பொருள். கிளெய்ம் பார்ப்பவர் முதலில் தேடுவது இந்த வரியைத்தான். விண்ணப்பத்தில் ‘இல்லை’, சம்மரியில் ‘பன்னிரண்டு வருடம்’. அதோடு கோப்பு மூடப்படும்.

நோயை மறைக்காமல் சொன்னவருக்குச் சட்டம் துணை நிற்கிறது. 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கு ஒன்று பயணக் காப்பீட்டைப் பற்றியதே. சர்க்கரை நோய் இருப்பதைத் தெரிவித்துவிட்டு அமெரிக்கா போனவருக்கு சான்பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் மாரடைப்பு, மூன்று ஸ்டென்ட். கொழுப்புக்கான ஸ்டேட்டின் மாத்திரையைக் குறிப்பிடவில்லை, ஏற்கெனவே உள்ள நோய் என்று காரணம் காட்டிப் பணத்தை மறுத்தார்கள். தெரிவிக்கப்பட்ட நோயை எடைபோட்டுப் பாலிசி கொடுத்த பிறகு, அதே நோயைக் காட்டி மறுக்க முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ‘சர்க்கரை உண்டு’ என்று எழுதியிருந்த அந்தப் பதில் இல்லாமல் இந்தத் தீர்ப்பு வந்திருக்காது.

ஆகவே எழுதும்போது நோயின் பெயர், கண்டறிந்த ஆண்டு, மாத்திரையின் பெயரும் அளவும், அளவு கடைசியாக எப்போது மாறியது, கடைசியாக எப்போது மருத்துவமனையில் சேர்த்தார்கள், செய்ய வேண்டிய பரிசோதனை ஏதும் பாக்கியா என்று எல்லாவற்றையும் எழுத வேண்டும். மாத்திரை அளவு ஏன் முக்கியம் என்றால், கனடா போகிறவர்களின் பாலிசிகளில் நோய் ‘ஸ்டேபிள்’ ஆக இருக்க வேண்டும் என்று 90 அல்லது 180 நாள் நிபந்தனை வைப்பார்கள். இதை ‘நிலையான நோய்’ என்று மொழிபெயர்ப்பது அபத்தம், நிரந்தர நோய் என்று ஆகிவிடும். ‘மருந்தும் அளவும் மாறாமல் சீராக உள்ள நோய்’ என்றே எழுத வேண்டும். அளவைக் கூட்டினாலும் குறைத்தாலும் அது மாற்றம்தான் என்று பல பாலிசிகளில் இருக்கிறது. சுகர் குறைந்ததால் மாத்திரையைப் பாதியாக்கினார் டாக்டர் என்று சந்தோஷப்பட்டுப் பயணம் போனவருக்கும் இது பொருந்தும்.

நோயைத் தெரிவித்துவிட்டால் எல்லாம் கிடைத்துவிடும் என்றும் நினைக்கக் கூடாது. மருத்துவக் காப்பீட்டில் காத்திருப்புக் காலம், அதாவது பாலிசி தொடங்கிய பின் அந்த நோய்க்குப் பணம் தராத காலம், முடிந்ததும் ஏற்கெனவே உள்ள நோய்க்கும் பணம் உண்டு. இருபது நாள் பயணத்தில் காத்திருக்க ஏது காலம்? அதனால் பயணப் பாலிசியில் ஒன்று அந்த நோய்க்கு எதுவுமே தர மாட்டார்கள், அல்லது உயிருக்கு ஆபத்தான அவசர நிலைக்கு மட்டும், அதுவும் ஒரு தனி வரம்புக்குள் தருவார்கள். அட்டையில் பெரிய தொகை இருந்தாலும் இந்த வரம்பு அதில் சிறு பங்காக இருக்கலாம். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ காப்பீடு வேண்டும் என்பது விசாவுக்கான விதி, அந்தத் தொகை முழுவதும் இருதய நோய்க்குக் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் ஆகாது. எவ்வளவு, எந்த நிலையில் என்பதைக் காப்பீட்டு நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. கடைக்காரர் வாயால் சொல்வது செல்லாது.

துண்டறிக்கைத் தமிழில் இன்னும் இரண்டு சொற்கள் ஆளைக் கவிழ்க்கின்றன. ஒன்று ‘விலக்கு’. “முந்தைய நோய்களுக்கு விலக்கு உண்டு” என்று அச்சடித்திருக்கிறார்கள். வரிவிலக்கு என்றால் நமக்குச் சலுகை என்று பழகிய வாசகர், நோய் இருந்தாலும் பரவாயில்லை என்று சலுகை கொடுத்திருப்பதாகத்தான் படிப்பார். உண்மையில் அந்த நோய்களுக்குப் பணம் தர மாட்டார்கள். ‘இவற்றுக்குக் காப்பீடு இல்லை’ என்று எழுத எத்தனை எழுத்து கூடுதலாகிவிடும்? மற்றொன்று ‘கழிவு 100 டாலர்’. கடைவீதியில் கழிவு என்றால் தள்ளுபடி. இங்கே அது ஒவ்வொரு கிளெய்மிலும் நம் கையிலிருந்து கொடுக்க வேண்டிய முதல் 100 டாலர். ‘நீங்கள் கட்ட வேண்டிய முதல் பங்கு’ என்றால் யாருக்கும் விளங்கும்.

கடைசியாக, ‘ஏற்கெனவே’ எந்தத் தேதியிலிருந்து எண்ணப்படுகிறது என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மூன்று மாதத்துக்குப் போனவர் பேரப்பிள்ளையை விட்டு வர மனமில்லாமல் இன்னும் மூன்று மாதம் தங்கி, அங்கிருந்தே புதிய பாலிசி எடுக்கிறார். முதல் மூன்று மாதத்தில் அவருக்குப் புதிதாக இரத்த அழுத்தம் கண்டுபிடித்திருந்தால், முதல் பாலிசிக்கு அது புதிய நோய், இரண்டாவதற்கு அது ஏற்கெனவே உள்ள நோய். புதிய விண்ணப்பத்தில் அதையும் எழுத வேண்டும். புதிதாக எடுக்காமல் பழைய பாலிசியையே நீட்டிக்க வழி இருக்கிறதா, நீட்டித்தால் இடையில் வந்த நோய் எந்தக் கணக்கில் சேரும் என்பதை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.