மூன்று தலையணையும் நான்கு செங்கல்லும்

குடியாத்தத்திலிருந்து சென்ற வாரம் வந்த தறிக்காரர் ஒருவர் கழுத்துவலிக்கு மாத்திரை கேட்டார். விசாரித்தபோதுதான், இரவில் புளித்த நீர் தொண்டைவரை எதுக்களித்து வருவதால் ஆறு மாதமாக மூன்று தலையணைகளை அடுக்கிப் படுக்கிறார் என்பது தெரிந்தது. “நாலாவதும் வெச்சுப் பாத்தாரு சார், சறுக்கி வுழுதுன்னு எடுத்துட்டாரு” என்றார் அவருடைய மனைவி. எதுக்களிப்பு குறையவில்லை, கழுத்துவலி மட்டும் மிச்சம். இந்த மாதத்தில் இதே கதையை நான் கேட்பது எத்தனையாவது முறை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

குற்றம் மருத்துவர்களாகிய எங்களுடையதும்தான். “தலையை உயர்த்திப் படுங்கள்” என்று அவசரத்தில் சொல்லி அனுப்புகிறோம். கேட்பவர் வீட்டுக்குப் போய்த் தலையணையைத்தான் தேடுவார். உயர வேண்டியது தலை அன்று, இடுப்புக்கு மேலுள்ள உடல் முழுவதும். தலையணைகளை அடுக்கும்போது கழுத்து மடங்குகிறது, முதுகு வளைகிறது, வயிறு நடுவில் அழுந்துகிறது. இரைப்பையோ உணவுக்குழாயோ இருந்த மட்டத்தில்தான் இருக்கின்றன. அழுந்திய வயிற்றிலிருந்து அமிலம் மேலே வருவது இன்னும் எளிதாகிறதே தவிர, தடைபடுவதில்லை. நான்கு தலையணை வைத்தாலும், ஐந்து வைத்தாலும் இதுவே கதி.

கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டின் அடியிலும் இரண்டிரண்டு செங்கற்களைப் படுக்கை வாட்டில் வையுங்கள். ஏறக்குறைய 6 அங்குலம் உயரும், அது போதும். கால் நழுவாதபடி நடுவில் குழி வெட்டிய மரக்கட்டையைத் தச்சரிடம் செய்து வாங்கினால் இன்னும் நல்லது. பாயில் படுப்பவர்கள், இடுப்பிலிருந்து தலைவரை சரிவாக ஏறும் மெத்தையைக் கெட்டியான ஃபோமில் வெட்டித் தரச் சொல்லுங்கள். இலவம்பஞ்சு வேண்டாம், சில வாரங்களிலேயே அமுங்கிவிடும்.

இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுங்கள். அப்போது அமிலம் தேங்கும் இரைப்பையின் பை கீழேயும், உணவுக்குழாய் வந்து சேரும் வாய் மேலேயும் இருக்கும். வலப்பக்கம் படுத்தால் இது தலைகீழாகிவிடும். தூக்கத்தில் புரண்டுவிடுகிறேன் என்பவர்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையை அணைகொடுத்துக்கொள்ளலாம். தலையணைக்கு நான் தரும் ஒரே வேலை அதுதான்.

ஆம்பூர் பிரியாணியை நான் தடை செய்யவில்லை. இரவு பத்தரைக்குச் சாப்பிட்டுப் பதினொன்றுக்குப் படுப்பதைத்தான் தடை செய்கிறேன். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே 3 மணி நேரம் விடுங்கள். பீடியை நிறுத்துங்கள். “கேஸ் போகட்டும்” என்று சோடா குடிப்பதையும் நிறுத்துங்கள். ஒவ்வொரு ஏப்பத்திலும் உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் அந்த வாய் திறந்துகொள்கிறது.

நெஞ்சில் பாரத்தோடு வியர்த்துக் கொட்டினாலோ, வலி தோளுக்கோ தாடைக்கோ பரவினாலோ, கேஸ் என்று ஜெலுசில் குடித்துக் காத்திராமல் உடனே ஈசிஜி எடுக்கப் போங்கள். விழுங்கும்போது உணவு சிக்கினாலும், உடல் இளைத்தாலும், மலம் தார்போலக் கறுத்தாலும் செங்கல் உதவாது. அப்படிப்பட்டவர்களிடம், கேமரா பொருத்திய மெல்லிய குழாயை வாய்வழியே விட்டு உள்ளே பார்க்கும் எண்டோஸ்கோப்பி என்ற சொல்லை எடுத்தாலே, “பண்டிகை முடிஞ்சி வரேன் சார்” என்று எழுந்துவிடுகிறார்கள். சில நிமிடங்களில் முடிகிற பரிசோதனை அது, தயவுசெய்து உட்காருங்கள்.