அடிக்காமலே அதிரும் டிரம்: ஹிப்-ஹாப்பின் 808

மேற்கத்திய ஹிப்-ஹாப் பக்கம் போகிறவர்களில் பலர் முதல் பாட்டிலேயே திரும்பிவிடுகிறார்கள். ஆங்கிலம் அவ்வளவு வேகம். வார்த்தைகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் அடியில் ‘தூம்ம்ம்’ என்று இழுபடும் பாஸை, அதாவது அந்தத் தாழ்ந்த ஒலியைப் பிடித்துக்கொண்டு கேளுங்கள். அந்தச் சத்தத்துக்கு ‘எயிட்-ஓ-எயிட்’ என்று பெயர். 1980-ல் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த டிஆர்-808 என்ற தாளப் பெட்டியிலிருந்து வந்த பெயர் அது.

அதே காலத்தில் அமெரிக்காவில் வந்த லின் எல்எம்-1, நிஜ டிரம்மை வாசித்துப் பதிவு செய்து சிப்பில் வைத்திருந்தது. விலை ஏறத்தாழ 5,000 டாலர். 808 வெறும் 1,195 டாலர். நினைவகச் சிப்புகள் யானை விலை விற்ற காலம். அதனால் ரோலண்ட் பதிவு செய்த சத்தம் எதையும் உள்ளே வைக்கவில்லை. எல்லாச் சத்தத்தையும் மின்சுற்றே அந்தந்தக் கணத்தில் உண்டாக்கியது. கேட்டவர்கள், இது டிரம் மாதிரியே இல்லை என்றார்கள். உண்மைதான், இல்லை. சுமார் 12,000 பெட்டிகளோடு 1983-ல் உற்பத்தி நின்றது. பழைய பெட்டிகள் மலிவாகச் சந்தைக்கு வர, கையில் காசில்லாத இளைஞர்கள் வாங்கிப் போனார்கள்.

டிரம் செட்டில் காலால் மிதித்து வாசிக்கும் பெரிய டிரம்தான் கிக் டிரம். 808-ன் கிக் டிரம்மில் தோலும் இல்லை, கோலும் இல்லை. மின்தடைகளும் மின்தேக்கிகளும் சேர்ந்த ஒரு சிறு சுற்று. அதற்கென்று ஓர் இயல்பான அதிர்வெண், ஏறக்குறைய 50 ஹெர்ட்ஸ். ஒரு மில்லிநொடி நீளமுள்ள மின்துடிப்பு அதைத் தட்டுகிறது. ஊஞ்சலை ஒரே ஒரு முறை தள்ளிவிட்டு ஒதுங்கி நின்றால் என்ன நடக்கும்? தன் வேகத்தில் ஆடி, வீச்சு குறைந்து நிற்கும். சுற்றில் மின்னழுத்தமும் அப்படித்தான் ஆடி அடங்குகிறது. அந்த ஆட்டத்தை ஸ்பீக்கருக்கு அனுப்பினால் ‘தூம்’. பெட்டியில் ‘டிகே’ (ஒலி அடங்கும் நேரம்) என்றொரு திருகு உண்டு. அதைக் கூட்டினால் வெளிவரும் சைகையில் ஒரு பங்கு திரும்ப உள்ளே போய், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் லேசாக உந்து கொடுக்கும். ‘தூம்’ அப்போது ‘தூம்ம்ம்ம்’ ஆகிறது. தட்டிய முதல் சில மில்லிநொடிகளில் மட்டும் சுற்று உயர்ந்த அதிர்வெண்ணில் ஆடிவிட்டுக் கீழே இறங்கும். தொடக்கத்தில் நெஞ்சில் குத்துகிற அந்த ‘டப்’ அதனால் வருவது.

ஹை-ஹாட் எனும் ஜோடித் தட்டுகளின் ஒலி வேறு கதை. ஒன்றோடொன்று ஒத்துப்போகாத ஆறு சதுர அலைகளைக் கலந்து, கீழ்ப்பகுதியை வடிகட்டி எறிந்துவிட்டால் மிஞ்சுவது உலோகத் தகட்டின் ‘ட்ஸ்’. அந்தப் பெட்டியின் சீறலுக்காகத் தரத்தில் தேறாத டிரான்சிஸ்டர்களைத் தேடி வாங்கியதாக நிறுவனர் ககேஹாஷியே பின்னாளில் சொன்னார். பழுதை வேண்டுமென்றே வாங்கிய நிறுவனம் இது ஒன்றாகத்தான் இருக்கும்!

கேட்க வேண்டிய முதல் பாட்டு ஆஃப்ரிக்கா பம்பாட்டாவும் சோல்சோனிக் ஃபோர்ஸும் 1982-ல் வெளியிட்ட ‘பிளானட் ராக்’. பெட்டி மனிதனைப் போல நடிக்காமல் பெட்டியாகவே வாசிக்கிறது, அதுதான் அழகு. அடுத்து பீஸ்டி பாய்ஸின் ‘பால் ரெவியர்’ (1986). இதில் 808 தாளத்தைத் தலைகீழாக ஓட்டியிருப்பார்கள். அடங்கிப் போக வேண்டிய ஒலி எங்கிருந்தோ வளர்ந்து வந்து சட்டென்று அறுந்துபோகும். இயற்கையில் எந்த டிரம்மும் இப்படி ஒலிக்காது என்பதால் காது திடுக்கிடுகிறது.

அசல் 808-ல் கிக்கின் சுருதியை மாற்றத் திருகு கிடையாது. ஒலியைப் பதிவு செய்து வேண்டிய வேகத்தில் ஓட்டும் சாம்ப்ளர் கருவி வந்த பிறகு வழி திறந்தது. ‘தூம்ம்ம்’ ஒன்றைப் பதிவு செய்து, இரட்டை வேகத்தில் ஓட்டினால் ஒரு ஸ்தாயி மேலே. பாதி வேகத்தில் ஓட்டினால் ஒரு ஸ்தாயி கீழே. தாளக் கருவி மெட்டு வாசிக்கத் தொடங்கிவிட்டது. டிராப் என்ற இன்றைய ஹிப்-ஹாப் வகைப் பாடல்களில் தனியாக ஒரு பாஸ் கிட்டார் பெரும்பாலும் தேவைப்படாததற்குக் காரணம் இதுதான். கான்யே வெஸ்ட் 2008-ல் ஆல்பத்தின் பெயரிலேயே 808-ஐ வைத்தார். அதிலுள்ள ‘லவ் லாக்டவுன்’ கேளுங்கள். என் கணக்கில் இந்தப் பட்டியலிலேயே சிறந்தது அதுதான்.

ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர். விரல்நகம் அளவு ஃபோன் ஸ்பீக்கர் அதற்குத் தேவையான காற்றைத் தள்ளவே முடியாது. அப்படியானால் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் ஃபோனில் பாட்டு போடும்போது அந்த பாஸ் நமக்குக் கேட்பது எப்படி?

தயாரிப்பாளர்கள் 808-ஐ வேண்டுமென்றே சிதைக்கிறார்கள். அலையின் உச்சியை நசுக்கினால் 50-ன் மடங்குகளில் புதிய ஒலிகள் முளைக்கும்: 200, 250, 300 என்று. ஃபோன் இவற்றைத் தாராளமாக ஒலிக்கும். மூளை இவற்றின் இடைவெளியைப் பார்த்து, இல்லாத 50-ஐத் தானே கேட்டுக்கொள்கிறது. பழைய தரைவழித் தொலைபேசி 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் அனுப்பாது. ஆனாலும் 120 ஹெர்ட்ஸ் வாக்கில் பேசும் அப்பாவின் கனத்த குரல் அதில் கனமாகவே கேட்டது இதே வித்தையால்தான்.

ஃப்யூச்சரின் ‘மாஸ்க் ஆஃப்’ (2017) பாட்டைச் சோதனைக்கு வைத்துக்கொள்ளலாம். புல்லாங்குழலுக்கு அடியில் 808 ஓடுகிறது. ஃபோனில் ஒரு முறை, பெரிய ஸ்பீக்கரில் ஒரு முறை கேளுங்கள். சுருதி இரண்டிலும் ஒன்றுதான். ஃபோனில் வயிறு மட்டும் அதிராது. மூளையால் சுருதியை இட்டு நிரப்ப முடிகிறது, அதிர்வை முடிவதில்லை.